இரண்டாவது எழுத்தில் இருந்த கிழமை

“மறுபடி வாசியுங்கள்” என்றார் பெனிக்.

வாசித்தேன்.

“கிழமையை மட்டும்.”

“வியாழன்.”

அவர் நடந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் எப்போதும் நடந்துகொண்டுதான் இருப்பார். முன் ஜன்னலில் இருந்து பின் கதவு வரை, பின் கதவில் இருந்து முன் ஜன்னல் வரை. பழைய மரத்தரை. நிமிர்ந்து பார்க்காமலே அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். புத்தக அலுமாரிக்கு முன்னால் ஒரு பலகை முனகும். பின் கதவுக்குக் கிட்ட இன்னொன்று கிரீச்சிடும்.

அன்று பிற்பகல் அந்தச் சத்தம் நின்றது.

“செவ்வாய்” என்றார். “அது செவ்வாய்க்கிழமை, மிஸஸ் நாதன்.”

நான் கணினித் திரையில் அந்தப் பழைய கடிதத்தின் எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். வெளியே மழை வந்து, விட்டு, வெயில் எறித்து, திரும்பவும் மழை தொடங்கியிருந்தது. ஆக்லாந்தில் ஒரு பிற்பகலுக்குள் இதெல்லாம் நடக்கும். என் தேநீரில் ஆடை படிந்திருந்தது. யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் நல்லது என்று நினைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

“வியாழன்” என்றேன்.

ஒரு கிழமையின் பெயரைக் கேட்டு ஒரு மனிதரின் முகம் அப்படி வெளிறும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பெட்டிகள் நிறைந்த வீடு

இந்தத் தொடரை முதலில் இருந்து படிப்பவர்களுக்கு என் கால்களைத் தெரியும். ஓரிடத்தில் தரிக்காதவை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தேன். ஆக்லாந்துக்கு வந்தபிறகு என் சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போயின. நான் பென்ரோஸில் ஒரு கிடங்குக்குப் போனேன். இவர், என் கணவர் நாதன், ஈஸ்ட் டாமாக்கியில் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். ஆறு வாடகை வீடுகள் மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் திரைச்சீலை போட்டு முடிகிற அன்றே எனக்கு அடுத்த வீட்டு நினைப்பு வந்துவிடும்.

கிடங்கு வேலை விடியுமுன் தொடங்கி மதியத்தோடு முடியும். அதன்பிறகு வீட்டில் உட்கார என்னால் முடியாது. கடை கடையாக நடப்பேன், ஒன்றும் வாங்காமல் வருவேன்.

என் இந்த வியாதியை அறிந்தவள் மாலதி. மதுரைக்காரி, நர்ஸ், பிளாக்ஹவுஸ் பேயில் வீடு. ஒருநாள் கூப்பிட்டாள்.

“அக்கா, பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் இருக்காரு. பெரிய ஹிஸ்டரி புரொஃபசராம். கண்ணு போயிடுச்சு. படிச்சுக் காட்ட ஆள் தேடுறாங்க. நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே?”

“ஓம், அது அந்தக் காலம். இப்ப நான் பெட்டி அடுக்கிறவள்.”

“ஆமா, அங்கயும் பெட்டிதான். வீடு முழுக்கப் பெட்டி. வந்து பாருங்கக்கா.”

போனேன். உயரமான, மெலிந்த கிழவர். எண்பத்தாறு வயது. கம்பளிச் சட்டையின் முழங்கை இரண்டும் தேய்ந்திருந்தன. என்ன படித்தேன் என்று கேட்கவில்லை. ஒரு செய்தித்தாளை நீட்டி, தலையங்கத்தை வாசிக்கச் சொன்னார். முடித்ததும் சொன்னார்:

“முற்றுப்புள்ளியில் மூச்சு விடுகிறீர்கள். நல்லது. முன்னால் வந்தவர் ஒவ்வொரு கமாவிலும் பெருமூச்சு விட்டார்.”

இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவர் மட்டும் என்னை மிஸஸ் நாதன் என்றார். நானும் மிஸ்டர் பெனிக் என்றேன். நாங்கள் கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன். பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

சிக்னல்காரரின் மகன்

வாசிப்பு நேரத்தில் பாதி அவருடைய கதையிலேயே போகும். நான் ஒரு பக்கம் வாசிப்பேன், அவர் பத்து நிமிடம் நடந்துகொண்டே பேசுவார்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு ரயில்வே ஊர். அப்பாவுக்குச் சிக்னல் அறையில் வேலை. “என் அப்பா ஒருநாளும் பிந்தியதில்லை. பிந்தினால் ஆட்கள் செத்துப்போவார்கள்” என்றார் ஒருமுறை. அந்தத் தெருவில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பையன் இவர்தான். அங்கே வாயைத் திறந்தால் மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். உச்சரிப்பு அப்படி. அதனால் பேசத் தேவையில்லாத இடங்களைத் தேடிப் போனாராம். பழைய கடிதங்கள் கிடக்கும் குளிர்ந்த அறைகள்.

“செத்தவர்கள் என் உச்சரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.”

இருபத்தைந்து வயதில் ஒரு பிரபுவின் வீட்டு மாடியில் ஒரு கடிதத்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்து முதல் புத்தகம் எழுதினார். சிவப்பு அட்டை. அது வந்த வருடத்தில் யாரும் அவருடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நியூசிலாந்துப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்து, இரண்டே வருடம் என்று சொல்லி ஆக்லாந்துக்கு வந்தார். பிறகு போகவில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் வரலாறு படிப்பித்தார். தேர்தல் காலங்களில் தொலைக்காட்சியில் வந்து, வென்றவரைவிடத் தோற்றவரைப் பற்றி அதிகம் பேசுவார் என்று மாலதியின் வீட்டுக்காரர்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேர் அமைச்சர் ஆனார்கள். இரண்டு பேரையும் பத்திரிகையில் கிழித்திருக்கிறார்.

முதல் புத்தகத்துக்குப் பிறகு இன்னும் எட்டு எழுதினார். “எட்டும் அந்த முதலாவதின் குட்டிகள்” என்பார். இங்கிலாந்துக்குப் போனால் நீங்கள் நியூசிலாந்துக்காரர்தானே என்று கேட்பார்களாம். இங்கே அறுபது வருடத்துக்குக் கிட்ட இருந்தும் இங்கிலீஷ்காரர்தான். மனைவி இறந்தபிறகு நடை கூடியதாக மகள் ஹெலன் சொன்னாள். ஹெலன் வழக்கறிஞர், துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எனக்குச் சம்பளம் தந்ததும் அவள்தான்.

என்னை எடுத்ததற்குக் காரணம் அந்தச் சிவப்புப் புத்தகம். லண்டன் பதிப்பகம் புதிய பதிப்புக் கொண்டுவர இருந்தது. பெனிக் ஒரு புதிய முன்னுரை சொல்லவேண்டும், நான் தட்டச்சு செய்யவேண்டும். பழைய பெட்டிகளைத் திறந்து குறிப்புகளை அவருக்கு வாசிக்கவேண்டும்.

அமைச்சரும் கடிதமும்

புத்தகத்தின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு கிழமைக்காக ஏன் இவ்வளவு ரகளை என்று தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ஒரு அரசாங்கம் விழுந்தது. ஒரு புதன்கிழமை, நாடாளுமன்ற வாக்கெடுப்பில், விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில். பிரதமரின் உயிர் நண்பர் ஒருவர் அதில் அமைச்சராக இருந்தார். பெயர் வேண்டாம், அமைச்சர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது, இனி நடக்கவேண்டியதை நீங்கள் பாருங்கள் என்று. தேதி போடவில்லை. மேலே கிழமை மட்டும்.

அது செவ்வாய் என்றால், வாக்கெடுப்புக்கு முதல்நாளே நண்பரைக் காட்டிக்கொடுத்துவிட்டார். வியாழன் என்றால், தோற்ற மறுநாள் வென்றவருக்கு எழுதிய மரியாதைக் கடிதம். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் முதலெழுத்து ஒன்று. அவசரக்காரர்கள் Tu, Th என்று இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். அமைச்சர் அவசரக்காரர். கிழமை முழுக்க அந்த இரண்டாவது எழுத்தில்தான் இருந்தது.

இளம் பெனிக் செவ்வாய் என்று வாசித்தார். பென்சிலால் பிரதி எடுத்தார், ஒரு படமும் எடுத்தார். சில வருடங்களில் அந்தப் பிரபுவின் வீடு தீப்பிடித்துக் கடிதங்கள் எல்லாம் போயின. பிறகு எழுதிய எல்லாரும் இவருடைய வாசிப்பைத்தான் நம்பினார்கள். அமைச்சர் பாடப்புத்தகங்களில் துரோகியானார். சொந்த ஊரில் அவர் பெயரில் இருந்த பள்ளிக்கூடம் பெயரை மாற்றிக்கொண்டதாம்.

ஒரு பூச்சியம்

இந்த இடத்தில் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மண்டபத்தைக் கட்டியவர் யார் என்று ஒரு பரீட்சையில் கேட்டிருந்தேன். பணம் கொடுத்த கனவானின் பெயர் புத்தகத்தில் இருந்தது. ஒரு பிள்ளை வேறு பெயர் எழுதியிருந்தாள். பூச்சியம் போட்டேன். அவள் தாளைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

“ரீச்சர், அது எங்கட பூட்டன். மேசன். அவர்தான் கட்டினவர்.”

“புத்தகத்தில என்ன இருக்கு?”

“காசு குடுத்தவரின்ர பேர் இருக்கு. நீங்கள் கட்டினவர் ஆரெண்டுதானே கேட்டனீங்கள்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பூச்சியத்தை மாற்றவில்லை. அடுத்த வருடம் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். அவள் குடும்பம் எந்தப் பக்கம் போனதென்று தெரியாது. முகம் மறந்துவிட்டது. தாளைப் பிடித்திருந்த விரல்களில் மை இருந்தது மட்டும் ஞாபகம்.

வண்டிக்காரரின் சூப்

நான் ‘வியாழன்’ என்று சொன்ன அந்தப் பிற்பகலில் பெனிக் என்னை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். படத்தைப் பெரிதாக்கினால் அப்படித்தான் கோடுகள் தோன்றும் என்றார். அறுபது வருடப் படம், கீறல் விழுந்திருக்கும் என்றார். இருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டாவது எழுத்தில் மேலே எழும்பிய சின்னக் கோடு கீறல் மாதிரி இல்லை. மையின் நிறத்தில், பேனை அழுத்திய தடிப்பில் இருந்தது.

அடுத்த வாரம் பழைய விமர்சனங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியின் மேல் அவருடைய கையெழுத்தில் ‘பதில் தேவையில்லை’ என்று இருந்தது. உள்ளே வாசகர் கடிதங்கள். அவற்றின் நடுவில் ஒரு தடித்த உறை. உறைக்குள் துணி அட்டை போட்ட ஒரு சிறிய கொப்பியும் ஒரு கடிதமும்.

“என்ன அது?” என்றார். காகிதச் சத்தம் அவருக்கு எப்போதும் கேட்கும்.

கடிதத்தை வாசித்தேன். எழுதியவர் எடித். ஆரம்பப் பள்ளி ஆசிரியை, அமைச்சரின் கொள்ளுப்பேத்தி. மிகவும் பணிவான கடிதம். எங்கள் முன்னோர் அப்படிப்பட்டவர் அல்ல என்று நினைக்கிறேன், அவருடைய தங்கை எழுதிய நாட்குறிப்பை அனுப்புகிறேன், தயவுசெய்து அந்த வாரத்தைப் பாருங்கள் என்று கேட்டிருந்தார்.

“ஆ, அந்தப் பெண்மணி” என்றார் பெனிக். “அடுத்த பதிப்பில் அவரை ஒரு அடிக்குறிப்பில் போட்டேன். குடும்பப் பாசம் ஆதாரம் ஆகாது என்று.”

நான் கொப்பியைப் புரட்டினேன். மெழுகுதிரி, படுக்கைவிரிப்பு, யாருக்கு இருமல், எந்தக் கோழி முட்டை இடவில்லை. அந்த வாரம் வந்தது. என் கண் முதலில் அங்கே போய்விட்டது. வாய் பிந்தியது.

வாசிக்காமல் மூடியிருக்கலாம். அவருக்குக் கண் தெரியாது. அந்த அறையில் வேறு யாரும் இல்லை. விமர்சனங்கள் இந்தப் பெட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் திறந்திருக்கலாம். ஒரு நிமிடம் அந்தக் கொப்பியைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு வாசித்தேன்.

செவ்வாய்: வண்டிக்காரருக்குச் சுகம் இல்லை, இரண்டு கரண்டி சூப் குடித்தார். புதன்: வண்டிக்காரர் விடியுமுன் போய்விட்டார். வியாழன்: மழை. அடக்கம். அண்ணன் முதல் ரயிலில் வந்து சேர்ந்தார். சவப்பெட்டியைத் தூக்கினார். சேற்றுச் சப்பாத்தோடு வந்து உட்கார்ந்து கடிதங்கள் எழுதினார், கம்பளம் பாழ்.

அமைச்சரின் கடிதத்தில் கடைசி வரி எங்கள் இருவருக்கும் மனப்பாடம். கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னிக்கவும், இன்று காலை என் பழைய வண்டிக்காரரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வண்டிக்காரர் உயிரோடு இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

பெனிக் பின் கதவைப் பிடித்தபடி நின்றார். அங்கிருந்து பார்த்தால் குடா தெரியும். அவருக்கு வெறும் வெளிச்சம்தான். கடல் வற்றிய நேரம். சேற்றில் படகுகள் சரிந்து கிடந்தன.

“உங்களை வாசிக்கத்தான் வைத்திருக்கிறேன்” என்றார்.

“வாசிக்கத்தான் செய்தேன், மிஸ்டர் பெனிக்.”

“போங்கள். நாளைக்கு வரவேண்டாம்.”

வாசிச்சிட்டு மறக்கேலாதோ

அன்று மாலை குசினியில் இவரிடம் சொன்னேன். இவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உமக்கு என்னத்துக்கு இந்த வேலை? வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைப் பற்றி எழுதினது. எங்களுக்கு என்ன?”

“நான் ஒண்டும் செய்யேல்லை. வாசிச்சனான். அவ்வளவுதான்.”

“வாசிச்சிட்டு மறக்கேலாதோ?”

“ஏலாது.”

இவர் வெட்டியதைத் தண்ணீருக்குள் போட்டார். பிறகு, “அந்தாளுக்கு எத்தினை வயசெண்டு சொன்னனீர்?” என்று கேட்டார்.

“எண்பத்தாறு.”

“பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஹெலன் மறுநாள் கிடங்குக்குக் கூப்பிட்டாள். வேலை முடியுமுன் என்பதால் லொறிகள் பின்னோக்கி வரும் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அப்பா சாப்பிடவில்லை. நடக்கவும் இல்லை. நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அந்தப் புத்தகம்தான் இருக்கிறது.”

“தெரியும்.”

“அந்த அமைச்சர் செத்து நூறு வருடத்துக்கு மேல். என் அப்பா உயிரோடு இருக்கிறார்.”

  அந்த வாரம் முழுக்கக் கூடுதல் நேரம் கேட்டு வாங்கி வேலை செய்தேன். வீட்டுக்கு வந்தால் எழுந்து எழுந்து நடந்தேன். இவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “இப்ப நீரும் அந்தாள் மாதிரி நடக்கத் தொடங்கிட்டீர்” என்றார்.

பல் தீட்டிய குரல்

ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. அவரேதான்.

“ஹெலனை அமைச்சரின் கடிதத்தை வாசிக்கச் சொன்னேன்” என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. “திரையில் பெரிதாக்கி வாசி என்றேன். செவ்வாய் என்று வாசித்தாள்.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஐந்து வயதில், பல் தீட்டிவிட்டாயா என்று கேட்டால், தீட்டாமலே ஒரு குரலில் ஆம் என்பாள். அதே குரல்.” பிறகு சொன்னார்: “நாளைக்கு வாருங்கள், மிஸஸ் நாதன்.”

போனபோது அவர் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து, கன்னத்தில் ஒரு வெட்டு. நான் கோட்டைக் கழற்றுமுன் பேசத் தொடங்கிவிட்டார்.

“அந்த உறையை நான் அது வந்த அன்றே திறந்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. திறந்தேன். இரண்டு பக்கம் வாசித்தேன். மெழுகுதிரி, கோழி. ஒரு பெண்ணின் வீட்டுக் குறிப்பு, இதில் அரசியல் என்ன இருக்கப்போகிறது என்று மூடிவிட்டேன்.”

“அந்த வாரத்தைப் பாருங்கள் என்று அவர் கேட்டிருந்தாரே?”

“கேட்டிருந்தார்.”

“பார்த்திருந்தால்?”

“அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது” என்றார் பெனிக். “பார்த்திருந்தாலும் மூடியிருப்பேனோ என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை. அதுதான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது.”

அன்றே, அதுவரை சொல்லியிருந்த முன்னுரையைத் தள்ளிவிட்டுப் புதிதாகச் சொல்லத் தொடங்கினார். நான் தட்டினேன். மனிதருக்குத் தமிழில் பேச வந்திருந்தால் மேடைப் பேச்சாளர் ஆகியிருப்பார். வரலாற்றாளனின் பொறுப்பு, காலத்தின் இருள், ஆவணங்களின் மௌனம் என்று போய்க்கொண்டே இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

“எப்படி?”

“மூன்றாம் பக்கம் வரைக்கும் நீங்கள் பிழை விட்டதாகச் சொல்லவில்லை” என்றேன்.

மரத்தரையில் இரண்டு நடை போனார், வந்தார்.

“எழுதுங்கள். நான் கிழமையைப் பிழையாக வாசித்தேன். முற்றுப்புள்ளி.”

அதுதான் முதல் வரி. அடிக்குறிப்பில் எடித்தைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுவதாக இரண்டாவது வரி.

யாரும் கைதட்டவில்லை

பதிப்பகத்துப் பெண் திரையில் வந்து மிக இனிமையாகப் பேசினாள். இதைப் பின்னிணைப்பாகப் போடலாமா என்றாள். ‘புதிய கேள்விகள்’ என்று தலைப்பு வைக்கலாமா என்றாள். இது கேள்வி இல்லை, பதில் என்றார் பெனிக். மூன்று வாரம் கழித்துப் பதிப்பைக் காலவரையின்றித் தள்ளிவைப்பதாக மின்னஞ்சல் வந்தது. நான்தான் வாசித்தேன். முற்றுப்புள்ளிகளில் மூச்சு விட்டேன்.

அந்த முன்னுரை கடைசியில் ஒரு சிறிய ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. பெரிய இரைச்சல் ஒன்றும் இல்லை. ஐந்தாறு மின்னஞ்சல்கள். ஒரு பழைய போட்டியாளர், மற்ற எட்டுப் புத்தகங்களிலும் கிழமைகளைச் சரிபார்த்துவிட்டீர்களா என்று ஒரு வரி எழுதினார். பெனிக் அன்று மூன்று மணி நேரம் நடந்தார். மறுநாள் இரண்டாவது புத்தகத்தின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இன்றும் திறந்துகொண்டிருக்கிறோம். நாலாவதில் ஒரு சின்னப் பிழை அகப்பட்டிருக்கிறது.

ஹெலன் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, நான் இருக்கும்போதே வந்தாள். ஈரக் கோட்டோடு மேசையில் உட்கார்ந்து ஆய்விதழை எடுத்தாள்.

“நான் வாசிக்கவா, அப்பா?”

“வாசி.”

முதல் வரியை வாசித்தாள். அவளுடைய சொந்தக் குரலில்தான் வாசித்தாள். பெனிக் கையை மேசை மேல் நீட்டினார். நான் எழுந்து போய்க் கேத்தலை வைத்தேன்.

எடித்துக்கு எழுதவேண்டும் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். கடிதத்தில் இருந்த முகவரிக்கு எழுதினோம். அவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ‘அன்புள்ள எடித்’ என்றே எழுதச் சொன்னார். நான்கு பக்கம். இத்தனை மன்னிப்பை ஒரே நேரத்தில் நான் தட்டச்சு செய்ததில்லை. கட்டுரையின் பிரதியையும் வைத்தோம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. எடித்தின் மகள் ரூத். கையால் எழுதிய ஒரே ஒரு பக்கம். பெனிக் நிற்காமல் நடந்துகொண்டிருக்க நான் வாசித்தேன்.

அம்மா இறந்து நீண்ட காலம் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். உங்கள் கட்டுரையைக் கல்லறைக்கு எடுத்துப்போய் வாசிக்கும் ஆள் நான் அல்ல, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிரதி எடுக்க வசதி இல்லை. நீங்கள் நம்பவேண்டும் என்பதற்காக, அமைச்சரின் தங்கை எழுதிய மூலக் கொப்பியையே உங்களுக்கு அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்புவீர்கள் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது இன்னும் உங்களிடம் இருந்தால், எங்களுக்கு அது வேண்டும்.

அவ்வளவுதான் கடிதம். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெனிக் நடப்பதை நிறுத்தியிருந்தார்.

“கொப்பி எங்கே?” என்றார்.

அவர் கையில் கொடுத்தேன். துணி அட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். ஐம்பது வருடத்துக்குக் கிட்ட அது அவருடைய வீட்டில், அவருடைய கையெழுத்துப் போட்ட பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

“இப்போதே போவோம்” என்றார்.

“மழை பெய்கிறது. ஹெலன் வந்ததும் காரில்...”

“இப்போதே, மிஸஸ் நாதன்.”

பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவுக்கு அவருடைய வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. அவருக்கு இருபத்தைந்து. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கொப்பியை மூன்று உறைக்குள் போட்டுக் கம்பளிச் சட்டைக்குள் வைத்திருந்தார். நான் பிடிக்கிறேன் என்றதற்குத் தரவில்லை. தபால் நிலையமும் சேர்ந்திருந்த கடைக்குள் நனைந்த தரையில் வரிசை. எங்களுக்கு முன்னால் இருந்த பெண் அவரைப் பார்த்து இடம் விட்டாள். அவர் அதைக் காணவில்லை. நான்தான் நன்றி சொன்னேன்.

தபால் மேசையில் ஒரு குஜராத்திப் பெண். வெளிநாட்டுப் பொதிக்கான படிவத்தை எடுத்தாள்.

“உள்ளே என்ன?”

“கையால் எழுதிய பழைய கொப்பி ஒன்று” என்றார் பெனிக்.

“பரிசா?” அவளுடைய பேனை அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது. வயதானவர்கள் அனுப்புவதெல்லாம் பெரும்பாலும் பரிசுதான் போலிருக்கிறது.

பெனிக் சட்டைக்குள் இருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இல்லை” என்றார். “அவர்களுடையது. திருப்பி அனுப்புகிறேன்.”

அவள் அடுத்த கட்டத்தில் ஒரு சரி போட்டாள். நான் அவருடைய விரலைப் பிடித்து, கையெழுத்துப் போடவேண்டிய கோட்டின் தொடக்கத்தில் வைத்தேன்.